கார் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள்: தேய்த்தும் போகாதது ஏன்? எப்படி எடுப்பது?

காரைக் கழுவி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. வெயிலில் காய்ந்ததும் கண்ணாடி முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். "அட, இப்பதானே தொடச்சோம்?" என்று ஈரத்துணியால் இன்னொரு முறை துடைத்தால் சட்டென்று மறைந்துவிடும். காய்ந்ததும் அதே இடத்தில், அதே வட்டத்தில் திரும்பி வந்து நிற்கும்.

சென்னையில் போர் தண்ணீரையும் லாரி தண்ணீரையும் நம்பியிருக்கும் ஏரியாக்களில் கார் வைத்திருக்கும் யாருக்கும் இது புதிதல்ல. பகலில் பார்த்தால் வெறும் அழகுப் பிரச்சினை. இரவில் கதையே வேறு. எதிரே வரும் வண்டியின் ஹெட்லைட் வெளிச்சம் ஒவ்வொரு புள்ளியிலும் பட்டுச் சிதறும். கண்ணாடி மொத்தமும் பனி மூடியது போல ஒரு வெளிச்சத் திரை விழும். அந்தத் திரைக்குப் பின்னால் லைட் இல்லாமல் போகும் சைக்கிளோ, சாலையைக் கடக்கும் ஆளோ கண்ணில் பட ஒரு நொடி கூடுதலாகலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு நொடியில் கார் கிட்டத்தட்ட 17 மீட்டர் போயிருக்கும்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போதுதான் பலருக்கு இது உறைக்கிறது. மழை, இருட்டு, எதிர் வெளிச்சம் மூன்றும் சேரும்போது வைப்பர் ஓடியும் ரோடு சரியாகத் தெரியாது.

'உப்புக் கறை'யில் இருப்பது உப்பா?

நாம் இதை 'உப்புக் கறை' என்கிறோம். அந்தப் பெயர்தான் முதல் குழப்பம். சமையல் உப்பாக இருந்தால் தண்ணீர் பட்டதும் கரைந்திருக்க வேண்டுமே! பெசன்ட் நகரில் கடற்கரையோரம் இரவு முழுக்க நிறுத்திய காரில் படியும் உப்புக்காற்றுப் படலம் அப்படித்தான், நல்ல தண்ணீர் ஊற்றினால் போய்விடும். போர் தண்ணீர் விட்டுச் செல்லும் புள்ளி அப்படிப் போகாது. காரணம், அதில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். நம்ம பாஷையில் சொன்னால் சுண்ணாம்புக் கல். முட்டை ஓடும் கிளிஞ்சலும் எதனால் ஆனதோ, அதேதான்.

இது கண்ணாடிக்கு எப்படி வந்தது? மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது கார்பன் டை ஆக்ஸைடைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. பாறைகளில் இருக்கும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்து பைகார்பனேட்டாக எடுத்துக்கொள்கிறது. இதுதான் கடினநீர். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது என்று வீட்டில் திட்டு வாங்கும் அதே தண்ணீர். கண்ணாடியில் துளியாக நின்று காயும்போது கார்பன் டை ஆக்ஸைடு காற்றோடு போய்விடும். கரைந்திருந்த கால்சியம் கரையாத கல்லாக மாறி ஒட்டிக்கொள்ளும். கீஸர் காயிலில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டுவதும் இதே வேலைதான். அங்கே ஹீட்டர், இங்கே வெயில்.

குடிநீருக்கான இந்திய தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500, 2012) கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. வேறு நீர் ஆதாரமே இல்லாத இடத்தில் 600 வரை ஏற்கலாம். கார் கழுவும் தண்ணீருக்கு இப்படி எந்தக் கணக்கும் கிடையாது, யாரும் பார்ப்பதும் இல்லை.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடலாம். தண்ணீரின் டிடிஎஸ் 1,000 என்று வைத்துக்கொள்வோம். கழுவியபின் 100 மில்லி தண்ணீர் துடைக்கப்படாமல் காரிலேயே காய்கிறது. அதில் 100 மில்லிகிராம் திடப்பொருள் அங்கேயே தங்கும். தினமும் கழுவினால் ஒரு மாதத்தில் 3 கிராம். இதில் கரையும் உப்புகள் அடுத்த நாள் கழுவும்போது போய்விடும். சுண்ணாம்பு போகாது. நேற்றைய புள்ளியின் மேல் இன்றைய புள்ளி உட்காரும். அதாவது, துடைத்துக் காயவைக்காமல் தினமும் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவர்களின் காரில்தான் கறை சீக்கிரம் கெட்டிப்படும்.

அப்பார்ட்மென்ட்களில் விடியற்காலையில் வாளியோடு வரும் கார் துடைக்கும் அண்ணனைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆபீஸ் நேரத்துக்குள் பல கார்கள், ஒரு வாளி, ஒரு துணி. ஒவ்வொரு கண்ணாடியையும் ஈரம் போகத் துடைக்க அவருக்கு நேரம் கிடையாது. உங்கள் காருக்கென்று தனியாக ஒரு மைக்ரோஃபைபர் துணியைக் கொடுத்து, "கண்ணாடியை மட்டும் கடைசியா காயத் தொடச்சிடுங்கண்ணே" என்று கேட்டு, அந்தக் கூடுதல் வேலைக்குக் கொஞ்சம் சேர்த்தும் கொடுத்தால் பிரச்சினையில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

கறையா, காயமா?

எடுக்கத் தொடங்குவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் கண்ணாடியில் இருப்பது மேலே ஒட்டியிருக்கும் கல்லா, அல்லது கண்ணாடியே அரிக்கப்பட்டிருக்கிறதா? பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். இரண்டுமே நனைந்தால் மறையும், காய்ந்தால் தெரியும். ஆனால் வைத்தியம் வேறு.

கண்ணாடியை ஷாம்பூ போட்டுக் கழுவிக் காயவையுங்கள். விரலில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கவரைச் சுற்றிக்கொண்டு புள்ளியின் மேல் தடவிப் பாருங்கள். வெறும் விரலைவிட இப்படித் தடவினால் சொரசொரப்பு நன்றாகத் தெரியும். மேடு தட்டினால் அது படிவம், எடுத்துவிடலாம். வழவழப்பாக இருந்தும் வட்டம் கண்ணுக்குத் தெரிந்தால் சந்தேகப்பட வேண்டும். இன்னும் உறுதியாகத் தெரிய, ஒரு மூலையில் பஞ்சை வினிகரில் நனைத்துச் சில நிமிடம் ஒட்டி வைத்துத் துடையுங்கள். அந்த இடம் மட்டும் பளிச்சென்று ஆனால் உங்களுக்கு அதிர்ஷ்டம், வெறும் சுண்ணாம்புதான்.

வினிகருக்கு அசையாவிட்டால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். நிலத்தடி நீரில் கால்சியத்தோடு சிலிக்காவும் கரைந்திருக்கும். கண்ணாடியின் மூலப்பொருளே சிலிக்காதான் என்பதால், அது காய்ந்து ஒட்டினால் சொந்தக்காரன் வீட்டுக்கு வந்த மாதிரி தங்கிவிடும். சமையலறை அமிலங்களுக்கு அது கரையாது. இன்னொன்று, கண்ணாடியிலேயே நடக்கும் அரிப்பு. கண்ணாடியில் தண்ணீர் நெடுநேரம், திரும்பத் திரும்பத் தேங்கினால் அதிலிருக்கும் சோடியத்தை மெல்ல இழுத்துக்கொள்ளும். அந்தத் துளி காரத்தன்மை அடையும். காரம் கண்ணாடியைத் தின்னும். பல மாதம் கவனிக்காமல் விட்ட காரில் படிவத்தை எடுத்தபிறகும் மங்கலான வட்டங்கள் மிஞ்சுவது இதனால்தான்.

அமிலம் கரைக்கும், கை தேய்க்க வேண்டாம்

சோப்பும் ஷாம்பூவும் எண்ணெய்ப் பசையை எடுப்பவை. கல்லை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. சுண்ணாம்புக் கல்லுக்கு எதிரி அமிலம். மளிகைக் கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகரே போதும், அதில் 4 முதல் 5 சதவீதம் அசிட்டிக் அமிலம் இருக்கும். இல்லையென்றால் எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் அமிலத் தூள். 100 மில்லி தண்ணீரில் ஒரு டீஸ்பூன் கரைத்தால் கிட்டத்தட்ட 5 சதவீதக் கரைசல் வரும். எதில் கரைத்தாலும் குடிக்கிற ஆர்.ஓ தண்ணீரில் கரையுங்கள். போர் தண்ணீரில் கரைத்தால் கொஞ்சம் அமிலம் அந்தத் தண்ணீரின் சுண்ணாம்போடு சண்டை போட்டே தீர்ந்துவிடும்.

நேரமும் இடமும் முக்கியம். காலையோ மாலையோ, நிழலில், கண்ணாடி தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும்போது செய்யுங்கள். முதலில் நிறையத் தண்ணீர் விட்டு மணலையும் தூசியையும் போக்குங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். மோஸ் அளவுகோலில் சுண்ணாம்புக் கல்லின் கடினம் 3, கண்ணாடி ஏறக்குறைய 5.5, சாதாரண மணல் துகள் 7. சுண்ணாம்பு கண்ணாடியைக் கீறாது. துணியில் சிக்கிய மணல் கீறும்.

அடுத்து, வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, பழைய பனியன் துணியையோ டிஷ்யூ பேப்பரையோ அதில் நனைத்துக் கண்ணாடியில் அப்படியே ஒட்டிவிடுங்கள். ஸ்ப்ரே மட்டும் அடித்தால் சரிவான கண்ணாடியில் வழிந்து ஓடிவிடும், அமிலத்துக்கு வேலை செய்ய நேரம் கிடைக்காது. 5 முதல் 10 நிமிடம் போதும், நடுவில் காய விடக் கூடாது. காய்ந்தால் கரைந்த கால்சியம் மறுபடி வெள்ளையாகப் படியும். பிறகு அதே துணியால் மெல்லத் துடைத்து, தாராளமாகத் தண்ணீர் ஊற்றி, உடனே உலர்ந்த மைக்ரோஃபைபரால் ஈரத்தை எடுத்துவிடுங்கள். கெட்டிப்பட்ட கறை ஒரே தடவையில் போகாது, இரண்டு மூன்று சுற்று தேவைப்படும். அழுத்தித் தேய்ப்பதைவிட இன்னொரு முறை ஊறவைப்பதே மேல்.

அமிலம் பெயின்ட், குரோம் பட்டை, அலுமினியம், ரப்பர் பீடிங் மேல் வழிந்தால் உடனே தண்ணீர் ஊற்றிவிடுங்கள். கையில் கிளவுஸ் போட்டுக்கொள்ளுங்கள், கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போர்டிகோ தரை மார்பிள் என்றால் காரை வெளியே எடுத்து நிறுத்திச் செய்யுங்கள். மார்பிளும் அடிப்படையில் சுண்ணாம்புக் கல்தான், வினிகர் அதையும் விட்டுவைக்காது. கார் பளிச்சென்று ஆகி, தரை மங்கிப்போனால் வீட்டில் பதில் சொல்ல முடியாது.

ரீல்ஸ் வைத்தியங்கள்

வினிகரையும் பேக்கிங் சோடாவையும் கலந்தால் பொங்கும் நுரை வீடியோவில் பிரமாதமாக இருக்கும். நடப்பது என்ன? அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்துக்கொள்கின்றன. நுரை அடங்கியபின் கையில் மிஞ்சுவது சுண்ணாம்பைக் கரைக்கும் சக்தி போன ஒரு கரைசல். வினிகரைத் தனியாகவே பயன்படுத்தியிருக்கலாம்.

டூத்பேஸ்ட்? நம் ஊர் பேஸ்ட்கள் பலவற்றில் பல்லைத் தேய்க்கச் சேர்க்கும் பொடியே கால்சியம் கார்பனேட். சுண்ணாம்பை எடுக்கச் சுண்ணாம்பையே தடவுகிற வேலை. சின்னப் புள்ளி ஒன்றிரண்டு தேய்ப்பில் போகலாம், முழுக் கண்ணாடிக்கு உதவாது. குளிர்பானத்தில் அமிலம் உண்டு, ஆனால் சர்க்கரையும் உண்டு. பிசுபிசுப்பும் எறும்பும் இலவசம். நியூஸ் பேப்பரால் துடைத்தால் கண்ணாடி பளபளக்கும் என்பது தூசிக்கும் ஈரத்துக்கும் சரி. பேப்பர்காரர்களே சொன்னாலும், கல் படிவத்துக்கு அது வேலை செய்யாது.

இவையெல்லாம் வீண் வேலை, அவ்வளவுதான். ஆபத்தானவை வேறு. பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரில் கண்ணாடியைவிடக் கடினமான துகள்கள் இருக்கும். ஒரு முறை அழுத்தித் தேய்த்தால் கறை போய், வாழ்நாள் முழுக்கக் கீறல் நிற்கும். பிளேடால் சுரண்டுவதும் அப்படித்தான். ஒரு மணல் துகள் பிளேடுக்கு அடியில் சிக்கினால் போதும். பின்பக்கக் கண்ணாடியின் உள்பக்கத்தில் ஓடும் மெல்லிய கோடுகள் பனியை நீக்கும் டீஃபாகர் கம்பிகள். அங்கே பிளேடு வைத்தால் அவை அறுந்துவிடும்.

டாய்லெட் கிளீனரையும் பாத்ரூம் ஆசிட்டையும் சிலர் கண்ணாடியில் ஊற்றுகிறார்கள். அவற்றில் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். சுண்ணாம்பை நொடியில் கரைக்கும் என்பது உண்மை. கூடவே குரோமையும் அலுமினியத்தையும் வைப்பர் கையின் இரும்பையும் பதம் பார்க்கும். அதோடு ப்ளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீர் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய பார்க்கிங்கில் அது உயிருக்கே ஆபத்து.

ஆன்லைனில் கண்ணாடிக் கறைக்கென்றே விற்கும் திரவங்களை வாங்கினால் லேபிளைப் படியுங்கள். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் என்றோ அமோனியம் பைஃபுளோரைடு என்றோ இருந்தால் வேண்டாம். அவை கண்ணாடியையே கரைப்பவை. தோலில் பட்டால் உள்ளே இறங்கி எலும்புவரை பாதிக்கும். வீட்டில் வைத்திருக்கும் சாமானே இல்லை அது.

அரித்துவிட்டது, இனி?

வினிகருக்கு அடங்காத சிலிக்கா படிவத்துக்கும் லேசான அரிப்புக்கும் ஒரு வழி இருக்கிறது: சீரியம் ஆக்ஸைடு பாலிஷ். லென்ஸ் செய்பவர்கள் பயன்படுத்தும் அதே பொடி. தண்ணீரில் குழைத்து, ஃபெல்ட் பேடில் மெதுவாக, ஈரம் காயாமல் தேய்த்தால் கண்ணாடியின் மிக மெல்லிய மேல்படலத்தைக் கழற்றிச் சமன் செய்யும். ஜன்னல் கண்ணாடியில் பொறுமை இருந்தால் நீங்களே கையால் முயலலாம். மெஷின் என்றால் தெரிந்தவரிடம் விடுங்கள். ஒரே இடத்தில் நின்றால் சூடேறிக் கண்ணாடி விரிசல் விடலாம்.

முன்பக்கக் கண்ணாடியில் இன்னும் நிதானம் வேண்டும். அது இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. டிரைவரின் பார்வைக்கு நேரே ஓர் இடத்தை அதிகமாகத் தேய்த்துவிட்டால் லேசான குழி விழுந்து, அதன் வழியே பார்க்கும் காட்சி நெளியும். கறையைவிட அது மோசம். ஆழமாக அரித்திருந்தால் கண்ணாடியை மாற்றுவதே வழி. இயல்பான தேய்மானம் என்று சொல்லி இன்சூரன்ஸ் அதற்குக் கை கொடுக்காது. முன்கண்ணாடிக்குப் பின்னால் டிரைவருக்கு உதவும் கேமரா வைத்திருக்கும் புது மாடல்களில், மாற்றியபின் கேமராவை மறுபடி அளவீடு செய்ய வேண்டிய செலவும் சேரும்.

"கோட்டிங் போட்டாச்சு, இனி கவலையில்லை" என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தண்ணீர் ஒட்டாத கோட்டிங் மழையில் நன்றாக வேலை செய்யும். நிறுத்திய காரிலோ போர் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு நிற்கும். பரவிக் காய வேண்டிய சுண்ணாம்பு அந்தச் சின்ன வட்டத்துக்குள் மொத்தமாகச் சேரும். கோட்டிங் இருந்தாலும் துடைக்கத்தான் வேண்டும்.

எந்தத் தண்ணீர்?

தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று ஆர்.ஓ மெஷின் வெளியேற்றும் தண்ணீரைப் பிடித்து வைத்து கார் கழுவுகிற வீடுகள் நிறைய. நல்ல பழக்கம்தான், ஆனால் கண்ணாடிக்கு இதைவிடக் கெட்ட தண்ணீர் கிடையாது. குடிக்கும் தண்ணீரிலிருந்து பிரித்த தாதுக்கள் எல்லாம் அதில்தான் அடர்த்தியாக இருக்கும். டயருக்கும் மிதியடிக்கும் வைத்துக்கொள்ளுங்கள், கண்ணாடிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

அதே வீட்டின் பால்கனியில் ஏ.சி. குழாயிலிருந்து சொட்டுவது இதற்கு நேரெதிர். காற்றின் ஈரம் குளிர்ந்து வடியும் தண்ணீர் என்பதால் தாது உப்புகள் மிகக் குறைவு. குடிக்க ஆகாது, கடைசி அலசலுக்கு அருமை. ஒரு பக்கெட் வைத்தால் ராத்திரியில் முன்கண்ணாடிக்குப் போதுமானது சேர்ந்துவிடும். சேமித்த மழைநீரும் இப்படித்தான். தமிழ்நாட்டில் 2003-லேயே கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாகிவிட்டது. மொட்டை மாடித் தண்ணீரைத் தொட்டியில் பிடிக்கும் வீடுகளுக்குக் கார் கழுவும் கவலை பாதி இல்லை.

சாஃப்ட்னர் வைத்த அப்பார்ட்மென்ட்களில், "இன்னும் புள்ளி வருதே, மெஷின் வேலை செய்யலையா?" என்ற புகார் வரும். சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கும். அதனால் டிடிஎஸ் மீட்டரில் எண் குறையாது, காய்ந்தால் புள்ளியும் விழும். ஆனால் அது கரையும் உப்பு, ஈரத்துணிக்கே போய்விடும்.

பார்க்கிங் கூரையில் சொட்டும் வில்லன்

கார் கழுவவே இல்லை, மூடிய பார்க்கிங்கில்தான் நிற்கிறது, ஆனாலும் முன்கண்ணாடியில் கெட்டியான வெள்ளைத் தாரை. இது போர் தண்ணீர் அல்ல. மேலே கான்கிரீட் தளத்தில் கசியும் தண்ணீர் சிமென்ட்டிலிருக்கும் கால்சியம் ஹைட்ராக்ஸைடைக் கரைத்துக்கொண்டு சொட்டுகிறது. காற்றுப் பட்டதும் அது சுண்ணாம்புக் கல்லாக இறுகுகிறது. பார்க்கிங் கூரையை அண்ணாந்து பார்த்தால் சில இடங்களில் வெள்ளைக் குச்சிபோல் தொங்குமே, அதே பொருள்.

இது சாதாரணக் கறையைவிட மோசம். இந்தத் தண்ணீருக்குக் கடுமையான காரத்தன்மை, புதுக் கட்டடங்களில் இன்னும் அதிகம். கல் படிவதற்கு முன்பே கண்ணாடியையும் பெயின்ட்டையும் தாக்கத் தொடங்கிவிடும். பார்த்த அன்றே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, மேலே சொன்ன வினிகர் வைத்தியத்தைச் செய்ய வேண்டும். வார இறுதி வரை தள்ளிப்போடக் கூடாது. சொட்டும் இடத்தை போட்டோ எடுத்து அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டு, கசிவு அடைபடும் வரை காரை இரண்டடி தள்ளி நிறுத்துங்கள். கார் கவர் போட்டால் தப்பிக்கலாம் என்றால் அதுவும் முழுசாக இல்லை. நனைந்த கவர் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு ஈரத்தை நாள் முழுக்க அங்கேயே வைத்திருக்கும்.

கடைசியாக, பானெட்டைத் திறந்து வைப்பர் தண்ணீர் டேங்கைப் பாருங்கள். அதில் போர் தண்ணீர் ஊற்றியிருந்தால் ஒவ்வொரு முறை பட்டனை அழுத்தும்போதும் நீங்களே கறையை ஸ்ப்ரே செய்கிறீர்கள் என்று அர்த்தம். நாளடைவில் அந்தச் சின்ன நாசிலும் சுண்ணாம்பில் அடைத்துக்கொள்ளும். ஆர்.ஓ தண்ணீரோ, பேட்டரிக்கு ஊற்ற பெட்ரோல் பங்க்கில் விற்கும் டிஸ்டில்ட் வாட்டரோ ஊற்றுங்கள். வைப்பரைத் தூக்கி, ரப்பர் விளிம்பை ஈரத்துணியால் ஒருமுறை வழித்துவிடுங்கள். துணியில் கறுப்பாகவும் நறநறவென்றும் வருவதுதான் இதுவரை கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருந்தது.